சூட்டட் ஏஸ் கைல வந்தா எப்ப கால் பண்ணலாம், எப்ப மடிக்கணும்: புதுசா போக்கர் ஆடுறவங்களுக்கு

ஏஸும் இன்னொரு சீட்டும் ஒரே சிம்பல்ல கைக்கு வந்துட்டா, புதுசா ஆடுறவங்களுக்கு அதை மடிக்க மனசே வராது. யார் எவ்வளவு ரெய்ஸ் (பந்தயத்தைக் கூட்டறது) பண்ணியிருந்தாலும் "சூட்டட்தானே, ஃப்ளாப் பார்ப்போம்"னு கால் (அவர் கட்டின அதே தொகையைக் கட்டித் தொடர்றது) போட்டுடுவாங்க. எங்க வேளச்சேரி செட்டுல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உக்காரும்போது இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கறேன், சிப்ஸ் கரையறது பெரிய பிளஃப்ல இல்ல, இந்த மாதிரி சின்னச் சின்ன கால்லதான். நான் கத்துக்கும்போது இதைத் தமிழ்ல வரிசையா சொல்லித் தர ஆள் இல்ல, வீடியோல ஒருத்தர் கால் பண்ணுன்னுவார், இன்னொருத்தர் ரெய்ஸ்னுவார், மூணாவது ஆள் மடிச்சுடுன்னுவார், மூணு பேரும் வேற வேற சூழ்நிலையைப் பத்திப் பேசறாங்கன்னு புரியறதுக்கே ரொம்ப நாள் ஆச்சு. அந்த அலைச்சல் உங்களுக்கு வேணாம்னுதான் இதை எழுதறேன்.

இது நோ-லிமிட் ஹோல்டம் (ஆளுக்கு ரெண்டு சீட்டு, டேபிள்ல அஞ்சு பொதுச் சீட்டு, பந்தயத்துக்கு வரம்பு இல்லாத போக்கர்) பத்தி மட்டும். எந்தக் கை எதை அடிக்கும், பிளைண்ட் (சீட்டு பார்க்கறதுக்கு முன்னாடியே ரெண்டு பேர் கட்டவேண்டிய தொகை, சின்னது ஸ்மால், பெருசு பிக்), பட்டன் (ஃப்ளாப்புக்கு அப்புறம் கடைசியா பேசற சீட்), ஃப்ளாப் (டேபிள்ல திறக்கற முதல் மூணு பொதுச் சீட்டு), டர்ன் (நாலாவது), ரிவர் (அஞ்சாவது) இதெல்லாம் தெரிஞ்சிருந்தா போதும், மிச்சம் கூட்டல் கழித்தல் வகுத்தல்தான்.

முடிவை முதல்லயே சொல்லிடறேன். சூட்டட் ஏஸ்ல கால் பண்ணி லாபம் பார்க்க முடியும், ஆனா அதுக்கு மூணு விஷயம் ஒண்ணா அமையணும்: கால் போடுற விலை கம்மியா இருக்கணும், நீங்க கடைசியா பேசற இடத்துல இருக்கணும் இல்ல பிக் பிளைண்ட்ல ஏற்கனவே பாதி கட்டியிருக்கணும், எதிராளி முன்னாடி இன்னும் நிறைய சிப்ஸ் மிச்சம் இருக்கணும். இந்த மூணுல ரெண்டு இல்லன்னா யோசிக்காம மடிச்சுடுங்க.

1. சட்டம், ஐடி, வரி: சீட்டைத் தொடறதுக்கு முன்னாடி

இதை முதல்ல வெச்சதுக்குக் காரணம் இருக்கு, சென்னைல இருந்து இப்ப புதுசா வர்றவங்க நிறைய பேர் இங்கதான் மாட்டிக்கறாங்க.

2025 ஆகஸ்ட்ல பார்லிமென்ட்ல பாஸான ஆன்லைன் கேமிங் சட்டம், காசு கட்டி ஆடுற ஆன்லைன் கேம் எல்லாத்தையும் தடை பண்ணிடுச்சு. திறமை விளையாட்டா அதிர்ஷ்ட விளையாட்டாங்கற பிரிவே அதுல கிடையாது. "2023ல மெட்ராஸ் ஹைகோர்ட்டே போக்கரை அதிர்ஷ்ட விளையாட்டு லிஸ்ட்ல இருந்து எடுத்துடுச்சே"ன்னு இன்னும் சிலர் வாதாடுறாங்க. அந்தத் தீர்ப்பு நம்ம மாநிலச் சட்டத்தைப் பத்தினது, அதை வெச்சு மத்திய சட்டத்தைத் தாண்ட முடியாது. அதனால யாராச்சும் டெலிகிராம்லயோ வாட்ஸ்ஆப்லயோ "பிரைவேட் கிளப் ஐடி தரேன், யூபிஐல பணம் போடுங்க"ன்னு கூப்பிட்டா போகாதீங்க. பணம் போனா கேக்க ஆபீஸ் இல்ல, நம்பர் இல்ல, போலீஸ்ல போய் என்னன்னு சொல்லுவீங்க?

சென்னைல ஆடணும்னா காசு இல்லாத சிப்ஸ்தான். ஃப்ரீ ஆப்ல ஆடலாம், இல்லன்னா நண்பர்கள் வீட்டுல சும்மா பாயிண்ட்டுக்கு ஆடலாம். வீட்டு ஆட்டத்துல "சும்மா ஒரு நூறு ரூபா வெச்சுக்கலாம்"னு ஆரம்பிக்கிறதும் வேணாம், அதுக்கும் தமிழ்நாட்டுல சூதாட்டச் சட்டம் இருக்கு, அது கூட ஆடுற எல்லாரையும் சேர்த்து இழுக்கும்.

நிஜ டேபிள்ல உக்காரணும்னு ஆசை இருந்தா கோவா போகணும். அதுக்கு வேண்டியது: 21 வயசு முடிஞ்சிருக்கணும், ஒரிஜினல் போட்டோ ஐடி (ஆதார், பாஸ்போர்ட், டிரைவிங் லைசென்ஸ் ஏதாவது ஒண்ணு, போன்ல போட்டோ எடுத்து வெச்சது எல்லா இடத்துலயும் ஒத்துக்கமாட்டாங்க), கூடவே பான் கார்டு. பான் எதுக்குன்னா ஜெயிச்ச தொகை 10,000 தாண்டினா டிடிஎஸ் பிடிப்பாங்க.

வரிதான் இங்க பெரிய விஷயம், லாபம்னு பேசறப்ப இதை விட்டுட்டுப் பேசினா அர்த்தமே இல்ல. சீட்டாட்டத்துல வர்ற வருமானத்துக்கு நேரா 30 சதவீதம், செஸ் 4 சதவீதம் அதுமேல சேர்ந்து 31.2 ஆகும். உங்க சம்பளம் எந்த ஸ்லாப்ல இருந்தாலும் இதே ரேட்தான், செலவும் கழிக்க முடியாது, தோத்ததையும் கழிக்க முடியாது. ஒரு தடவை போய் 50,000 ஜெயிச்சு அடுத்த தடவை போய் அதே 50,000 விட்டீங்கன்னா கைல பூஜ்யம், ஆனா ஜெயிச்ச தொகைக்கு 15,600 வரி நிக்கும். இதுக்கு மேல 2025 செப்டம்பர் 22ல இருந்து கேசினோவுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். எதுமேல எப்படிப் போடறாங்கன்னு என்ட்ரி வாங்கறதுக்கு முன்னாடியே கவுண்டர்ல தெளிவா கேளுங்க, சிப்ஸ் வாங்கினப்புறம் கேட்டுப் பிரயோஜனம் இல்ல. டேபிள்ல ரேக் (ஒவ்வொரு ஆட்டத்துலயும் கேசினோ எடுத்துக்கற பங்கு) எத்தனை சதவீதம், அதிகபட்சம் எவ்வளவுன்னும் கேளுங்க. கூச்சப்படாதீங்க, எல்லாரும் கேக்கறதுதான்.

சுருக்கமா, காகிதத்துல கொஞ்சூண்டு லாபம் காட்டற கால் எல்லாம் ரேக்கும் வரியும் போனப்புறம் நஷ்டம். அதனால இந்தக் கட்டுரைல "நூலிழை"ன்னு நான் எங்கெல்லாம் சொல்றேனோ அங்கெல்லாம் மடிங்கன்னு எடுத்துக்கோங்க.

2. பழகறதுக்கு என்ன வாங்கணும்

பெருசா ஒண்ணும் வேணாம். நல்ல பிளாஸ்டிக் சீட்டு ரெண்டு கட்டு (பேப்பர் கட்டு நாலு நாள்ல முனை மடங்கி எது ஏஸ்னு பின்னாடி இருந்தே தெரிஞ்சுடும்), சிப்ஸ் ஒரு செட்டு, ஒரு சின்ன நோட்டு. பாரிமுனை பக்கம் விளையாட்டுச் சாமான் கடைகள்ல விசாரிச்சுப் பாருங்க, ஆன்லைன் விலையையும் பார்த்துட்டுப் போனா பேரம் பேச வசதி. போன்ல ஃப்ரீ ஈக்விட்டி கால்குலேட்டர் (ஒரு கை ஜெயிக்கற வாய்ப்பைக் கணக்கு போடற ஆப்) ஒண்ணு போட்டுக்கோங்க. நான் தாம்பரம் பீச் ட்ரெயின்ல போகும்போதுதான் முக்கால்வாசி கணக்கு போட்டுப் பழகினேன், ஒரு நாளைக்கு பத்து கை போட்டுப் பார்த்தா போதும், மாசத்துல நம்பர் எல்லாம் மனசுல உக்காந்துடும்.

காசு குடுத்து சொல்வர் சாஃப்ட்வேர் (எந்த இடத்துல எப்படி ஆடணும்னு கணக்கு போட்டுக் காட்டறது), கோர்ஸ் எல்லாம் இப்ப வாங்காதீங்க.

3. இந்தக் கை எத்தனை தடவை வரும்

பொறுமை எங்க வேணும்னு இது காட்டும். ரெண்டு சீட்டு கை மொத்தம் 1,326 விதம். அதுல சூட்டட் ஏஸ் 48. அதாவது சுமார் 28 கைக்கு ஒரு தடவை. நேர்ல ஆடுற டேபிள்ல ஒரு மணி நேரத்துக்கு 25, 30 கைதான் ஓடும், அப்ப மணிக்கு ஒரு தடவை கண்ல படும். ஏஸ்-10 முதல் ஏஸ்-கிங் வரைக்கும் இருக்கற பெரிய கைகளை எடுத்துட்டா மிச்சம் 32, சுமார் 41 கைக்கு ஒண்ணு.

அப்படி வந்த கைல என்ன நடக்கும்?

ஃப்ளாப்லயே ஃப்ளஷ் (ஒரே சிம்பல்ல அஞ்சு சீட்டு) முழுசா விழறது 0.84 சதவீதம், 119 தடவைக்கு ஒண்ணு. ஃப்ளாப்ல ஃப்ளஷ் ட்ரா, அதாவது உங்க சிம்பல்ல ரெண்டு சீட்டு விழறது கிட்டத்தட்ட 11 சதவீதம், ஒன்பது தடவைக்கு ஒண்ணு. ரிவர் வரைக்கும் உக்காந்திருந்தா ரெண்டு சீட்டையும் சேர்த்து ஃப்ளஷ் ஆகறது 6.4 சதவீதம்.

இதைப் படிச்சுட்டு ஒரு நிமிஷம் நிறுத்துங்க. நூறு தடவை சூட்டட் ஏஸ் வந்தாலும், ஒரு தடவைகூட மடிக்காம ரிவர் வரைக்கும் போனாலும், ஆறு தடவைதான் ஃப்ளஷ். சிம்பல் ஒத்துப்போறதால உங்க கை ஜெயிக்கற வாய்ப்பு, ஒத்துப்போகாத அதே கையைவிட ரெண்டுல இருந்து நாலு சதவீதம்தான் கூடும். அந்த ரெண்டு மூணு சதவீதத்துக்காக எவ்வளவு கட்டறோங்கறதுதான் முழு விஷயமும்.

இன்னொரு கணக்கு. ஏஸ்-9க்குக் கீழ இருக்கற சூட்டட் ஏஸ் வந்து, அதுல ஃப்ளாப்ல ஃப்ளஷ் ட்ராவும் வர்றதுக்கு சராசரியா 380 கை ஆகும். நேர் டேபிள்ல அது 13, 14 மணி நேரம். அதனால ஒரு நாள் ராத்திரி ஆடிட்டு "சூட்டட் ஏஸ் எனக்கு ராசி", "எனக்கு ஆகாது"ன்னு ரெண்டுல எதையும் முடிவு பண்ணாதீங்க.

4. எல்லா சூட்டட் ஏஸும் ஒண்ணு கிடையாது

மூணு கூட்டமா பிரிச்சு மனசுல வெச்சுக்கோங்க.

பெருசுங்க: ஏஸ்-கிங், ஏஸ்-குயின், ஏஸ்-ஜாக், ஏஸ்-10. ஃப்ளஷ் இல்லாமலே இதுங்களுக்கு மதிப்பு இருக்கு, ஏஸ் விழுந்தாலும் பக்கத்துச் சீட்டு விழுந்தாலும் நல்ல ஜோடி, மேல் ஸ்ட்ரெய்ட்டும் (வரிசையா அஞ்சு சீட்டு) ஆகும். இதுங்களை பெரும்பாலும் நீங்களே ரெய்ஸ் பண்ணித்தான் ஆடணும்.

நடு: ஏஸ்-9, 8, 7, 6. புது ஆளுங்க இதுங்களைத்தான் ரொம்ப நம்பறாங்க, ஏன்னா 9 பார்க்க 4ஐ விடப் பெருசா இருக்கு. ஆனா ஏஸும் இந்தச் சீட்டும் ஒரே ஸ்ட்ரெய்ட்டுக்குள்ள வரவே வராது, கையில போட்டுப் பாருங்க. ஏஸ் ஜோடி ஆனா பக்கத்துச் சீட்டு எதிராளியோட ஏஸ்-ஜாக்குக்கும் ஏஸ்-குயினுக்கும் கீழதான் இருக்கும்.

சிறுசு: ஏஸ்-5, 4, 3, 2. இதுங்க ஏஸ்-2-3-4-5 ஸ்ட்ரெய்ட் ஆகும். அதனாலதான் நல்லா ஆடுறவங்க ஏஸ்-6, ஏஸ்-7ஐ மடிக்கற பல இடங்கள்ல ஏஸ்-5ஐ வெச்சுப்பாங்க. அதோட ஏஸ் ஜோடி ஆனாலும் 4ஐப் பக்கத்துல வெச்சுக்கிட்டு யாரும் பெருசா கர்வப்படமாட்டாங்க, சீக்கிரம் மடிச்சுடுவாங்க. நடுக்கூட்டத்துல அந்தத் தெளிவு வராது.

5. கால் விலையைக் கணக்கு போடுங்க

ஃபார்முலா ஒண்ணுதான்: நீங்க போடவேண்டிய தொகையை, அதைப் போட்டப்புறம் பாட்ல (எல்லாரும் கட்டி நடுவுல சேர்ந்த தொகை) இருக்கப்போற மொத்தத்தால வகுங்க. அந்த சதவீதத்தைவிட நீங்க ஜெயிக்கற வாய்ப்பு கூட இருக்கணும்.

பிளைண்ட் 5, 10னு வெச்சுக்குவோம். பட்டன்ல இருக்கறவர் 25க்கு ரெய்ஸ், ஸ்மால் பிளைண்ட் மடிச்சாச்சு, நீங்க பிக் பிளைண்ட்ல ஏஸ்-4 ஆர்ட்டின் வெச்சிருக்கீங்க. பாட்ல 40. நீங்க இன்னும் 15 போட்டா போதும், மொத்தம் 55 ஆகும். 15ஐ 55ஆல வகுத்தா 27 சதவீதம். பட்டன்ல இருக்கறவர் நிறைய கைகளோட ரெய்ஸ் பண்ணுவார், அதுக்கு எதிரா உங்க ஏஸ்-4க்கு 27க்கு நல்லா மேலயே இருக்கு. முதல்ல பேசவேண்டிய கஷ்டம் இருந்தாலும் இது தெளிவான கால். ஏஸ்-2ல இருந்து எல்லா சூட்டட் ஏஸுக்கும் இந்த இடத்துல கால் லாபம்.

அதே 25 ரெய்ஸ், ஆனா இப்ப நீங்க நடு சீட்ல இருக்கீங்க, இன்னும் ஒரு காசும் போடல, ரெய்ஸ் பண்ணவர் முதல் சீட்ல இருக்கறவர். பாட்ல 40, நீங்க 25 முழுசா போடணும், மொத்தம் 65. இப்ப 38 சதவீதம் வேணும். முதல் சீட்ல இருந்து ரெய்ஸ் பண்றவர்கிட்ட நல்ல ஏஸும் பெரிய ஜோடியும்தான் நிறைய இருக்கும். அதுமட்டும் இல்ல, உங்களுக்குப் பின்னாடி நாலஞ்சு பேர் இன்னும் பேசவே இல்ல, அதுல ஒருத்தர் திரும்ப ரெய்ஸ் பண்ணிட்டா உங்க 25 போச்சு, ஃப்ளாப்கூட பார்க்காம. ஏஸ்-10க்குக் கீழ எல்லாத்தையும் இங்க மடிங்க. ஏஸ்-10ஏ நூலிழைதான்.

சீட்டு அதேதான், ரெய்ஸும் அதேதான், ஒரு இடத்துல லாபம் இன்னொரு இடத்துல நஷ்டம். கோயம்பேட்டுல நல்ல தக்காளியா இருந்தாலும் கிலோ என்ன விலைன்னு கேக்காம யாரும் பைல போடமாட்டாங்க இல்லையா, சீட்டுலயும் அந்தப் பழக்கம் வரணும்.

ரேக்கையும் சேர்த்துப் பாருங்க. மேல சொன்ன 55 பாட்ல 5 சதவீதம் எடுத்தா 52 சொச்சம்தான் உங்களுக்கு, வேண்டிய வாய்ப்பு 27ல இருந்து கிட்டத்தட்ட 29 ஆயிடும். சின்ன டேபிள்ல ரேக் இன்னும் நல்லாவே கடிக்கும்.

6. கால் பண்றதுக்கு முன்னாடி ரெய்ஸ் பண்ண முடியுமான்னு கேளுங்க

உங்களுக்கு முன்னாடி யாரும் ரெய்ஸ் பண்ணலன்னா சும்மா பிக் பிளைண்ட் அளவுக்கு கால் போட்டு நுழையாதீங்க. ஒண்ணு நீங்க ரெய்ஸ் பண்ணுங்க, இல்ல மடிங்க. ரெய்ஸ் பண்ணா எல்லாரும் மடிச்சு அங்கயே பாட் வர்ற வாய்ப்பும் இருக்கு, வெறும் கால்ல அது இல்லவே இல்ல.

பட்டன்லயோ அதுக்கு முன் சீட்லயோ இருந்து ரெய்ஸ் பண்ணவருக்கு எதிரா, ஏஸ்-5, ஏஸ்-4 மாதிரி கைகள்ல திரும்ப ரெய்ஸ் பண்றது நல்ல ஆட்டக்காரங்க அடிக்கடி செய்யறது. காரணம் உங்க கைல இருக்கற அந்த ஒரு ஏஸ். அது உங்ககிட்ட இருக்கறதால எதிராளிகிட்ட ஏஸ் ஜோடி இருக்கற விதம் 6ல இருந்து 3 ஆயிடும், ஏஸ்-கிங் 16ல இருந்து 12 ஆயிடும். அவர் மடிக்கறதுக்கு வாய்ப்பு கூடும். கால் பண்ணிட்டாலும் உங்களுக்கு ஃப்ளஷும் ஸ்ட்ரெய்ட்டும் ஆகற வழி இருக்கு. ஆனா மடிக்கவே மாட்டேன்னு உக்காந்திருக்கற ஆளுக்கு எதிரா இதைச் செய்யாதீங்க, நம்ம வீட்டு ஆட்டத்துல பாதிப் பேர் அந்த ரகம்தான்.

இதோட மறுபக்கமும் பாருங்க. நீங்க பட்டன்ல இருந்து ஏஸ்-5 வெச்சு 25க்கு ரெய்ஸ், பிக் பிளைண்ட் திரும்ப 110க்கு ரெய்ஸ் பண்ணிட்டார். இப்ப பாட்ல 140, நீங்க 85 போடணும், மொத்தம் 225, வேண்டியது 38 சதவீதம். அவர் ரொம்ப இறுக்கமா ஆடுறவர், குயின் ஜோடியோ அதுக்கு மேலயோ, இல்லன்னா ஏஸ்-கிங்கோதான் வெச்சிருப்பார்னா உங்க வாய்ப்பு 30 பக்கத்துலதான் நிக்கும். மடிங்க. கண்டதுக்கெல்லாம் திரும்ப ரெய்ஸ் பண்றவர்னா கால் போடலாம், நீங்க கடைசியா பேசற இடத்துல இருக்கீங்க.

7. சிப்ஸ் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாருங்க

ஃப்ளஷ் அபூர்வமா வர்றதால, வர்றப்ப பெரிய பாட்டா கிடைச்சாதான் முன்னாடி கட்டின கால் எல்லாம் திரும்ப வரும். உங்க ரெண்டு பேர்ல யார்கிட்ட கம்மியா இருக்கோ அந்த அளவுதான் கணக்கு. 100 பிக் பிளைண்ட் இருந்தா சிறுசுங்களோட கால் போட வழி இருக்கு. 40 பக்கம் வந்துட்டா கால் போடறதுக்கான காரணம் ஒவ்வொண்ணா குறையும். 15, 20 மட்டும் மிச்சம்னா கால்ங்கறதை மறந்துடுங்க, மொத்தத்தையும் தள்ளறதா மடிக்கறதான்னு ரெண்டே கேள்விதான்.

8. ஃப்ளாப்ல ஃப்ளஷ் ட்ரா வந்தாச்சு, இப்ப?

உங்க சிம்பல்ல மொத்தம் 13 சீட்டு, நாலு தெரிஞ்சுடுச்சு, மிச்சம் 9. இதைத்தான் அவுட்ஸ்னு சொல்றாங்க. அடுத்த ஒரு சீட்டுல ஃப்ளஷ் ஆக 19 சதவீதம். டர்ன், ரிவர் ரெண்டும் பார்த்தா 35 சதவீதம். இந்த ரெண்டு நம்பரையும் குழப்பிக்கறதுதான் நான் பார்க்கற பெரிய தப்பு. எதிராளி ஃப்ளாப்ல பெட் பண்ணி, டர்ன்லயும் பெட் பண்ணப்போறார்னா நீங்க ஒரு சீட்டுக்குத்தான் காசு குடுக்கறீங்க, அப்ப 19தான் உங்க நம்பர். 35ஐ எடுத்துக்கணும்னா அவர் ஆல்-இன் (தன்கிட்ட இருக்கற மொத்தத்தையும் வைக்கறது) பண்ணியிருக்கணும், இல்ல டர்ன்ல இலவசமா சீட்டு காட்டணும்.

உதாரணம். பாட் 60, எதிராளி 40 பெட் பண்றார். நீங்க 40 போட்டா மொத்தம் 140, வேண்டியது 28.6 சதவீதம், உங்ககிட்ட இருக்கறது 19. நேர்க் கணக்குல கால் நஷ்டம். ஆனா ஃப்ளஷ் விழுந்தப்புறம் அவர்கிட்ட இருந்து இன்னும் எவ்வளவு வரும்? 38 சீட்டு உங்களுக்கு உதவாது, 9 உதவும். கணக்கு போட்டா, இப்ப இருக்கற 100க்கு மேல சராசரியா இன்னும் ஒரு 69 அவர்கிட்ட இருந்து கிடைச்சாதான் கால் சமன் ஆகும். அவர் முன்னாடி 30 சிப்ஸ்தான் மிச்சம்னா அந்த 69 எங்கிருந்து வரும்? மடிங்க. 300 இருக்கு, நல்ல ஜோடி கிடைச்சா விடாம கால் போடற ஆளுன்னா, தாராளமா கால். சராசரிங்கற வார்த்தையைக் கவனிங்க, மூணாவது ஆர்ட்டின் டேபிள்ல விழுந்ததும் பயந்து மடிக்கறவங்க நிறைய, அந்தத் தடவைகள்ல உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது, அதையும் சேர்த்துத்தான் 69 வரணும்.

ஏஸ் வெச்ச ஃப்ளஷ்ஷோட அழகு இங்கதான். உங்க ஃப்ளஷ்ஷை இன்னொரு ஃப்ளஷ் அடிக்க முடியாது, ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ் தவிர. கிங் வெச்சோ ஜாக் வெச்சோ அதே சிம்பல்ல ஃப்ளஷ் பண்ணவர் தன் கை பெருசுன்னு நெனச்சு மொத்தத்தையும் குடுப்பார். ஜாக்-9 சூட்டடுக்கு இந்த நிம்மதி கிடையாது. டேபிள்ல ஜோடி விழுந்துட்டா மட்டும் ஃபுல் ஹவுஸுக்கு ஜாக்கிரதையா இருங்க.

சில நேரம் ஏஸும் அவுட்டா சேரும். எதிராளிகிட்ட குயின் ஜோடி மாதிரி ஏதாவது இருந்தா மிச்சம் மூணு ஏஸும் உங்களுக்கு உதவும், 9 கூட 3 சேர்ந்து 12. ரெண்டு சீட்டும் பார்த்தா 45 சதவீதம். பாட் 60, அவர் 100 ஆல்-இன் தள்றார்னா நீங்க 100 போட்டு மொத்தம் 260, வேண்டியது 38.5. ஃப்ளஷ் மட்டும்னா 35, கொஞ்சம் பத்தாது. ஏஸும் சேர்ந்தா 45, கால். அவர்கிட்ட ஏஸ்-கிங்கோ மூணு ஒரே சீட்டோ இருந்தா அந்த மூணு ஏஸ் செல்லாது, அதனால 12ஐ முழுசா எண்ணாம ஒரு 10, 11னு வெச்சு யோசிக்கறது பாதுகாப்பு. ஏஸ்-5க்கு 3-4 மாதிரி ஃப்ளாப் விழுந்தா ஸ்ட்ரெய்ட்டுக்கு உதவற 2 மொத்தம் நாலு சீட்டும் சேரும், அதுல உங்க சிம்பல் 2ஐ ஏற்கனவே ஃப்ளஷ்ல எண்ணியாச்சு, ரெண்டு தடவை எண்ணாதீங்க.

கால் மட்டுமே வழின்னு நெனைக்காதீங்க. கடைசியா பேசற இடத்துல இருந்து, எதிராளி மடிக்கக்கூடிய ஆளா இருந்தா, ட்ராவோட ரெய்ஸ் பண்றது பல நேரம் காலை விட நல்லது.

9. ஃப்ளாப்ல ஏஸ் விழுந்துச்சுன்னா

இதுதான் சரியான பொறி. நீங்க ஏஸ்-7 சூட்டட் வெச்சிருக்கீங்க, ஃப்ளாப் ஏஸ், 10, 5, உங்க சிம்பல் ஒண்ணுகூட இல்ல. ஏஸ் விழறது 17 சதவீதம், ஃப்ளஷ் ட்ராவைவிட அதிகம், அதனால நீங்க அடிக்கடி வந்து நிக்கப்போற இடம் இதுதான்.

ஒரு பெட்டுக்கு கால் போடுங்க. டர்ன்ல திரும்பப் பெருசா வந்தா யோசிங்க. ரிவர்ல மூணாவது தடவையும் பெருசா வந்தா, எதிராளி அடிக்கடி பிளஃப் பண்றவர்னு உங்க நோட்டுல எழுதியிருந்தா ஒழிய மடிங்க. உங்க 7ஐ விடச் சின்ன சீட்டோட ஏஸ் வெச்சிருக்கறவர் மூணு தடவை பெருசா பெட் பண்றது ரொம்பக் குறைவு, பண்றவர்கிட்ட ஏஸ்-குயின், ஏஸ்-ஜாக், ரெண்டு ஜோடிதான் இருக்கும். ஒரு ஃப்ளஷ்ல ஜெயிச்சதை எல்லாம் இந்த மாதிரி ரெண்டு ஏஸ் ஜோடிலயே திருப்பிக் குடுத்துடலாம், அதனால சூட்டட் ஏஸ்ல லாபமா நஷ்டமாங்கறதை முடிவு பண்றதுல ஃப்ளஷ்ஷுக்கு எவ்வளவு பங்கோ அதே அளவு பங்கு இந்த மடிப்புக்கும் இருக்கு.

10. எழுதி வைங்க

நோட்டு வாங்கச் சொன்னேனே, அதுக்கு இதுதான் வேலை. சூட்டட் ஏஸ்ல கால் போட்ட ஒவ்வொரு தடவையும் ஒரு வரி: என்ன கை, எந்த சீட், எவ்வளவு கால் போட்டீங்க, ரெண்டு பேர்ல சின்ன ஸ்டேக் (மிச்சம் இருக்கற சிப்ஸ்) எவ்வளவு, கடைசில பிளஸ்ஸா மைனஸா. கை முடிஞ்ச உடனே எழுதணும், வீட்டுக்கு வந்து எழுதினா ஜெயிச்சது மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

ஒரு நூறு வரி சேர்ந்ததும் மூணா பிரிச்சுக் கூட்டுங்க: பிக் பிளைண்ட்ல கால் போட்டது, பட்டன்ல கால் போட்டது, மத்த சீட்ல கால் போட்டது. நூறு வரிங்கறது லாப நஷ்டத்தை உறுதியா சொல்லப் பத்தாது, ஒரு பெரிய ஃப்ளஷ் முழுக் கணக்கையும் மாத்திடும். ஆனா மூணாவது குவியல்ல எத்தனை வரி இருக்குங்கறதே போதும். அது இருபதைத் தாண்டினா 5ஆவது படிக்குத் திரும்பப் போங்க, மடிக்கவேண்டிய இடத்துல கால் போட்டுக்கிட்டு இருக்கீங்க.

ஃப்ரீ ஆப்ல எழுதற நம்பரையும் வீட்டு டேபிள் நம்பரையும் ஒரே பக்கத்துல எழுதாதீங்க. ஃப்ரீ ஆப்ல யாரும் மடிக்கமாட்டாங்க, அதனால ஃப்ளஷ் விழுந்தா நிஜத்துல கிடைக்கறதைவிட ரொம்ப அதிகமா கிடைக்கும், அதே காரணத்தால 6ஆவது படில சொன்ன திரும்ப ரெய்ஸ் அங்க வேலையே செய்யாது. கோவா போறதுக்கு முன்னாடி வீட்டு டேபிள் பக்கத்தை மட்டும் பாருங்க. அதுல பிக் பிளைண்ட் குவியலும் பட்டன் குவியலும் ரேக் 5 சதவீதம் கழிச்சப்புறமும் பிளஸ்ல நிக்கலன்னா, டிக்கெட் போடறதை இன்னும் ஒரு நூறு வரி சேர்ற வரைக்கும் தள்ளி வைங்க. போறதா இருந்தா, தொலைஞ்சாலும் வீட்டு வாடகையோ இஎம்ஐயோ நிக்காத தொகையைத் தனியா எடுத்துக்கிட்டுப் போங்க, கார்டை ரூம்லயே வெச்சுட்டு டேபிளுக்குப் போங்க.